ஏதேனும் ஒரு பட்டம்

தமிழ்நாட்டில் குற்றம் செய்ய எந்தக் கல்வித் தகுதியும் வேண்டாம். குற்றவாளியைப் பிடிக்கப் பத்தாம் வகுப்பு போதும். பிடித்துக்கொண்டு வந்தவரை விசாரிக்க ஏதேனும் ஒரு பட்டம் போதும். குற்றம் என்றால் என்ன, மனிதன் அதை ஏன் செய்கிறான், செய்தவனை என்ன செய்யலாம் என்று மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் முதுகலை, அதற்கு மேல் முனைவர் பட்டம் என்று உட்கார்ந்து படித்தவருக்கு மட்டும் இந்த நாட்டில் செய்ய ஒன்றுமில்லை. குற்றம் செய்யலாம். அதிலும் போட்டி அதிகம்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் கல்லூரி விளம்பரங்களைப் பாருங்கள். குற்றவியல் துறைக்குத் தனிப் பக்கம். மஞ்சள் நாடா. பூதக்கண்ணாடி. முழங்கால் வரை கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரத் துப்பறிவாளர். (மீனம்பாக்கம் வெயிலில் அந்தக் கோட்டோடு பத்து நிமிடம் நின்றால் அடுத்த சந்தேக மரணம் அவருடையதுதான்.) கீழே 'வேலைவாய்ப்புகள்' என்று ஒரு பட்டியல். சிபிஐ, என்ஐஏ, ரா, இன்டர்போல். அதற்கும் கீழே, ஆசை தீராதவர்களுக்காக, 'மற்றும் பல'.

ஒவ்வொன்றாக விசாரிப்போம். நாமாவது விசாரிப்போம்.

சிபிஐயில் சப்-இன்ஸ்பெக்டர் ஆக எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரிகள் தேர்வை எழுத வேண்டும். தகுதி: ஏதேனும் ஒரு பட்டம். என்ஐஏவுக்கும் அதே தேர்வு, அதே தகுதி. தமிழ்நாட்டில் எஸ்.ஐ. ஆக வேண்டுமா? ஏதேனும் ஒரு பட்டம். கயிறு ஏறத் தெரிய வேண்டும், நீளம் தாண்டத் தெரிய வேண்டும். குற்றவியலின் முன்னோடி பெக்காரியா யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐபிஎஸ்? அதற்கும் ஏதேனும் ஒரு பட்டம். இன்டர்போல் யாரையும் நேரில் போய்க் கைது செய்வதில்லை. காரைக்குடியிலிருந்து ஆள் எடுப்பதும் இல்லை. ரா தினத்தந்தியில் வரி விளம்பரம் கொடுக்கும் நிறுவனம் இல்லை. அதில் வேலை வாங்கித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அவர்மேல் மோசடி வழக்குப் போடலாம். எந்தப் பிரிவு என்று குற்றவியல் மாணவர் சொல்வார். அவர் படிப்புக்கு அந்த உபயோகமாவது உண்டு.

ஆக, தாவரவியல் படித்தவர் வரலாம். விஸ்காம் படித்தவர் வரலாம். ஏரோநாட்டிகல் படித்துவிட்டு விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்தவர் வரலாம். குற்றவியல் படித்தவரும் தாராளமாக வரலாம். அதுவும் ஏதோ ஒரு பட்டம்தானே.

சிவில் சர்வீஸ் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கால்நடைப் பராமரிப்பும் கால்நடை மருத்துவமும் இருக்கிறது. தத்துவம் இருக்கிறது. நிலவியல் இருக்கிறது. குற்றவியல் என்று ஒரு தாள் கிடையாது. நாளை ஒரு மாவட்டத்துக்கே எஸ்.பி.யாக வரப்போகிறவர் மாட்டுக்கு வரும் கோமாரி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கலாம். மனிதனுக்கு வரும் வெறி பற்றித் தனியாக எழுத ஆசைப்பட்டால் அதற்குத் தாள் இல்லை. தேர்வான பிறகு அகாடமியில் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம் என்பார்கள். சரி, அகாடமியே போதும் என்றால் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஒரு துறை? அறுபது வருடமாக எதற்கு?

சென்னைப் பல்கலைக்கழகம் 1960களிலேயே இந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டது. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970இல் பிறந்ததும் சென்னையில்தான். திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் ஒரு துறையே இருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கேள்வி, அவர்கள் பாடம் நடத்தும் கட்டடத்தைப் பற்றியது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியானது. அதை யார் நிரப்புவது என்று ஆளுநரும் அரசும் மல்லுக்கட்டியதில் நாற்காலி காலியாகவே கிடந்தது. கோவையில் நிலைமை வேறு. அங்கே பாரதியார் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் இருந்தார். உதவிப் பேராசிரியர் வேலைக்கு லஞ்சம் வாங்கினார் என்ற புகாரில் 2018 பிப்ரவரியில் அவரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. குற்றவியல் மாணவர்களுக்குக் களப்பணி இல்லை என்று இனி யாரும் சொல்லக் கூடாது. வளாகத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம்.

பாடத்திட்டத்துக்கு வருவோம்.

இரண்டாவது செமஸ்டருக்குள் மாணவர் லோம்ப்ரோசோவைச் சந்தித்துவிடுவார். 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர். 1876இல் புத்தகம் போட்டவர். மண்டை ஓட்டை அளந்து, தாடையைப் பார்த்து, காதைப் பார்த்து, இவன் பிறவிக் குற்றவாளி என்று சொன்னவர். இந்தக் கொள்கை தவறென்று எப்போதோ நிரூபணமாகிவிட்டது என்று ஆசிரியர் சொல்வார். மாணவர் குறித்துக்கொள்வார். தேர்வில் எழுதுவார். மதிப்பெண் வாங்குவார்.

லோம்ப்ரோசோ வகுப்பறையில்தான் செத்தார். ஸ்டேஷனில் நன்றாக இருக்கிறார்.

அவர் புத்தகம் போடுவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1871இல், வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்துவிட்டான். சென்னை மாகாணத்துக்கு அது 1911இல் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பட்டியலில் உள்ள சாதி என்றால் குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி. வளர்ந்ததும் ரேகை வைக்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களில் 16 பேரை 1920 ஏப்ரல் 3ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். சட்டம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இன்றும் ஊரில் நகை காணாமல் போனால் ஜீப் முதலில் திரும்புவது குறவர் குடியிருப்புப் பக்கம். 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷனில் அப்படி ஒருவரை அடித்துக் கொன்றார்கள். அது 2021இல் 'ஜெய் பீம்' ஆக வந்தபோது நாடே கண்ணைத் துடைத்துக்கொண்டது. படம் முடிந்தது. துடைத்த கையோடு அடுத்த படத்துக்குப் போனோம்.

அப்புறம் சதர்லேண்ட் வருவார். அமெரிக்கர். குற்றம் செய்பவர் ஏழைதான் என்று எவன் சொன்னான், கோட்டு போட்டவர் செய்யும் குற்றமும் குற்றம்தான் என்று 1939இல் ஒரு மேடையில் சொன்னவர். அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து 1949இல் புத்தகம் எழுதினார். பதிப்பாளர் நடுங்கிவிட்டார். குற்றம் இருக்கட்டும், நிறுவனங்களின் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். பெயர்களோடு முழுப் புத்தகம் வெளிவந்தது 1983இல். அதற்குள் சதர்லேண்ட் செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாணவர் இதையும் குறித்துக்கொள்வார். ஒருவனுக்கு இலக்கைக் காட்டிவிட்டு அங்கே போகும் பாதையை அடைத்தால் என்ன நடக்கும் என்று சமூகவியலாளர் மெர்ட்டன் 1938இல் எழுதியதையும் படிப்பார். மற்ற நாட்டு மாணவர்களுக்கு அது கடினமான பாடமாம். நம் பிள்ளைகளுக்கு ஃபீஸ் ரசீதைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது.

தீர்ப்புகள் தனி. கைது செய்யும்போது என்னென்ன பின்பற்ற வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரி, போலீஸைச் சீர்திருத்து என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் ஏழு கட்டளை போட்டது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. ஸ்டேஷன் முழுக்க கேமரா வை, பதிவைப் பாதுகாத்து வை என்று 2020 டிசம்பரில் சொன்னது. இந்தத் தீர்ப்புகளால் நாட்டில் ஒரே ஒரு மாற்றம் உறுதியாக நடந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி ஆகியிருக்கிறது.

ஐந்தாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப். மாணவர் ஒரு மாதம் ஸ்டேஷனுக்குப் போவார். புது நோட்டு, புது பேனா, இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் ஒரு அம்மா வண்டி திருட்டுக்குப் புகார் கொடுக்க நாலு மணி நேரமாக நிற்கிறார். உள்ளே ரைட்டர் ஒரு துண்டுச் சீட்டு எழுதுகிறார். சிஎஸ்ஆர். தமிழ்நாட்டுக் காவல் துறையின் மகத்தான கண்டுபிடிப்பு. புகார் வாங்கியதுபோலவும் இருக்கும், வழக்குப் போடாததுபோலவும் இருக்கும். பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்கிறான்.

"ஐயா, எஃப்ஐஆர் போடணும்ல? லலிதா குமாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்..."

"அந்தம்மா எந்த ஸ்டேஷன் லிமிட்டு தம்பி?"

"இல்லைங்கய்யா, அது தீர்ப்பு..."

"சரி சரி. வெளில டீக்கடைல நாலு டீ சொல்லிட்டு வா. ஒண்ணு சர்க்கரை இல்லாம."

இன்டர்ன்ஷிப் சான்றிதழில் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்று எழுதிக் கொடுப்பார்கள். பொய் இல்லை. டீ சூடாகத்தான் வந்தது.

ஆனால் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகள் பற்றி ஒரு தாளும் இல்லை. இவ்வளவு முக்கியமான ஆய்வுக் களத்தை உலகம் எப்படித் தவறவிட்டது என்று தெரியவில்லை. செயின் பறித்தவர் கைதாகிறார், கழிவறையில் வழுக்கி விழுகிறார், கை முறிகிறது. கத்தியோடு ரீல்ஸ் போட்ட பையன் கைதாகிறான். கழிவறையில் வழுக்கி விழுகிறான். ஒரு கையும் ஒரு காலும். மறுநாள் செய்தித்தாளில் மாவுக்கட்டோடு படம். தரை அதே தரைதான். அதே கழிவறைக்கு எஸ்.ஐ. போகிறார், ஏட்டு போகிறார், ரைட்டர் போகிறார். இருபத்தைந்து வருட சர்வீஸில் ஒருவருக்கு ஒரு விரல் சுளுக்கியதாகத் தகவல் இல்லை. காக்கி துணிக்கு இருக்கும் பிடிமானம் லுங்கிக்கு இல்லை என்று தெரிகிறது.

இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். ஆயிரம் கோடிக்கு நிதி நிறுவனம் நடத்தி ஊரைச் சுருட்டியவரும் கைதாகிறார். அவர் வழுக்கி விழுவதில்லை. லஞ்ச வழக்கில் சிக்கிய அதிகாரி வழுக்கி விழுவதில்லை. முன்னாள், இந்நாள் மாண்புமிகுக்கள் வழுக்கி விழுவதே இல்லை. அவர்களுக்கு நெஞ்சு வலி வரும். ஏழைக்குத் தரை வழுக்கும், பணக்காரருக்கு நெஞ்சு வலிக்கும். இதுதான் தமிழ்நாட்டின் குற்றவியல் நீதி. இதைச் சொல்ல ஆறு செமஸ்டர் எதற்கு?

மாவுக்கட்டுப் படத்துக்கு யார் கைதட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். நாம்தான். வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறோம். 'இவனுங்களுக்கு இதுதான் சரி.' நம் வீட்டுப் பையனை ஹெல்மெட் சோதனையில் நிறுத்தி வைத்து, அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்ட அன்றைக்குத்தான் நமக்கு மனித உரிமை ஆணையத்தின் முகவரி தேவைப்படுகிறது.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஊரடங்கு நேரத்தில் கடையை மூடவில்லை என்பது புகார். இருவரும் பிணமாகத்தான் வீடு திரும்பினார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே அங்கே ஒரு காவலர் இழிவாகப் பேசினார். கேமரா பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று நடுவர் அறிக்கை கொடுத்தார். ஸ்டேஷனை வருவாய்த் துறையின் பொறுப்பில் கொண்டுவரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. போலீஸிடமிருந்து போலீஸ் ஸ்டேஷனைக் காப்பாற்ற வருவாய்த் துறை ஊழியர்கள் போனார்கள். 'குற்றம் நடந்த இடத்தைப் பாதுகாத்தல்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதை நடத்தும் ஆசிரியர் இந்த இடத்தை எந்த முகத்தோடு கடந்து போவார்?

ஐந்து வருடம் கழிந்தது. 2025 ஜூன், திருப்புவனம் பக்கத்தில் மடப்புரம். கோயில் காவலாளி ஒருவர். பக்தரின் காரில் இருந்த நகை காணவில்லை என்று புகார். எஃப்ஐஆர் வருவதற்கு முன்பே தனிப்படை வந்துவிட்டது. அடித்தே கொன்றார்கள். உடலில் 40க்கு மேற்பட்ட காயங்கள். அடிப்பதை ஒருவர் கைபேசியில் ரகசியமாகப் படம் எடுத்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது. அவர் எங்கே மறைந்து நின்று எடுத்தார் தெரியுமா? கழிவறையில். இத்தனை வருடத்தில் தமிழ்நாட்டுக் கழிவறை ஒன்று சொன்ன ஒரே உண்மை அது.

இதற்கு நடுவே டெல்லி தன் பங்கைச் செய்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி காலை நாடு எழுந்தபோது இந்திய தண்டனைச் சட்டம் இல்லை. 302ஆக இருந்த கொலை 103 ஆகிவிட்டது. 420ஆக இருந்த மோசடி 318 ஆகிவிட்டது. மூன்று வருடம் எண்களை மனப்பாடம் செய்த பிள்ளைகள், அரியர் வைத்திருந்த பிள்ளைகள், எல்லோரும் மறுபடி அ, ஆவிலிருந்து தொடங்கினார்கள். அடி வாங்குகிறவருக்கு எண் மாறியது தெரியாது. புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது, மறுக்கவில்லை. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் நடந்தால் தடயவியல் நிபுணர் நேரில் போயே ஆக வேண்டும். அதை அமலுக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம். அதுவரை தடயங்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். 1849லேயே ரசாயனப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த சென்னைக்கு இன்னும் அவகாசம்! அந்த வேலையும் நம் மாணவருக்கு இல்லை. அதற்கு வேதியியல், உயிரியல் போல ஓர் அறிவியல் படித்திருக்க வேண்டும். நாட்டிலேயே ஏதேனும் ஒரு பட்டம் போதாது என்று சொல்லும் ஒரு வேலை வந்தது, அதிலும் இவர் பட்டம் சேர்த்தி இல்லை.

சிறைக்காவது இவர் தேவைப்படுவார் என்று நினைப்போம். தேவைப்படத்தான் செய்கிறார். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேர்மேல் குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. நடக்கும் கைதுகளில் சுமார் 60 சதவீதம் தேவையில்லாதவை என்று 1977இல் அமைத்த தேசிய போலீஸ் ஆணையமே சொல்லியிருக்கிறது. முதல் தப்புக்குச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடலாம் என்று 1958லேயே சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கைதியின் கோப்பையும் எடுத்து, இவர் ஏன் உள்ளே இருக்கிறார், ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடக்கிறாரா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அதற்கென்றே படித்தவர்கள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே வேறு வேலை நடக்கிறது. தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்குச் சீர்திருத்தம் பற்றிப் பாடம் எடுக்கும் பயிலகம் வேலூரில் இருக்கிறது. அதே வேலூரில், மத்திய சிறையில், ஆயுள் கைதி ஒருவரை உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்கு வைத்திருந்தார்கள், திருடினான் என்று சொல்லி அடித்துத் தனியறையில் பூட்டினார்கள் என்ற புகாரில் 2024இல் சிபிசிஐடி விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயிலகத்துக்கும் சிறைக்கும் நடுவே பேருந்து வசதி இல்லை போலிருக்கிறது.

எஸ்.ஐ. தேர்வில் தேறாமல் கான்ஸ்டபிளாகவாவது போகிறேன் என்று போகும் பட்டதாரிகள் ஏராளம். போகட்டும். அங்கே ஆர்டர்லி என்று ஒரு பதவி காத்திருக்கலாம். அதிகாரியின் நாயை நடக்கவைப்பது, காய்கறி வாங்குவது, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது. இந்த முறையை ஒழித்துவிட்டோம் என்று தமிழக அரசு 1979இல் ஆணை போட்டது. 2022இல் உயர் நீதிமன்றம் கேட்கிறது, இன்னுமா ஒழிக்கவில்லை என்று. நாலு மாதத்தில் ஒழியுங்கள் என்று உத்தரவும் போட்டது. 43 வருடத்துக்கு முன் செத்துப்போனதாக அரசே சான்றிதழ் கொடுத்த ஒன்றைக் கொல்ல நீதிமன்றம் நாள் குறிக்கிறது. இந்த மர்மத்தைத் துப்பறிய எந்தக் கோட்டுக்காரர் வருவார்?

தேர்வாணைய வேலைக்குப் படிக்கலாம் என்றால் அங்கேயும் நம் மாணவர் பின்தங்கியவர்தான். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர் மறையும் மையில் விடை எழுதினார்கள். மை மறைந்தது. விடைத்தாள் சென்னைக்கு வரும் வழியில் சரியான விடை தானாக முளைத்தது. 99 பேருக்குத் தேர்வெழுத வாழ்நாள் தடை. கைதானவர்களில் ஒரு போலீஸ்காரரும் உண்டு. தடய அறிவியலை வயிற்றுப்பாட்டுக்கு உபயோகிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தரவில்லை. நம் பையன் ஆறு செமஸ்டர் நீல மையில் எழுதினான். அது மறையவும் இல்லை, பலிக்கவும் இல்லை.

மிச்சம் இருப்பது இரண்டு வழி.

ஒன்று, கற்பிப்பது. நெட் தேர்வில் குற்றவியலுக்குத் தனித்தாள் உண்டு. இந்த நாட்டில் இந்தப் படிப்பை மதித்து வைத்திருக்கும் தேர்வு அது. தேறினால் கௌரவ விரிவுரையாளர் ஆகலாம். கௌரவத்தின் விலையை 2019இல் யுஜிசி நிர்ணயித்தது, மாதம் 50,000 ரூபாய் வரை. தமிழக அரசு 25,000 கொடுத்தது, அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம். மே மாதம் கௌரவம் மட்டும். குற்றவியல் படித்தவர், குற்றவியல் படித்துவிட்டு வேலை இல்லாமல் குற்றவியல் கற்பிக்க வரப்போகிறவர்களுக்குக் குற்றவியல் கற்பிக்கிறார். சங்கிலி மார்க்கெட்டிங் நடத்துகிறவனைப் பிடித்து உள்ளே போடுகிறோம். இதற்கு மட்டும் உயர்கல்வி என்று பெயர்.

இன்னொன்று, தனியார். வேலைக்குச் சேர்கிறவரின் பழைய முகவரியைச் சரிபார்க்கும் கம்பெனி ஒன்றில் இடம் கிடைக்கலாம். அதைவிட எளிதாகக் கிடைப்பது வங்கிகளுக்கும் கடன் செயலிகளுக்கும் தவணை வசூலிக்கும் வேலை. ஏசி அறை, காதில் ஹெட்போன், மாதம் இவ்வளவு என்று டார்கெட். சதர்லேண்டைப் படித்தவர் ஆறாயிரம் ரூபாய் தவணை தவறிய ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு மிரட்டுகிறார். ஒன்பதாயிரம் கோடி பாக்கி வைத்தவர் லண்டனில் இருக்கிறார்; அவருடைய எண் இவருடைய பட்டியலில் வராது. காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சொன்னது நம் பட்டதாரிக்குத் தெரியும். மிரட்டினால் எந்தப் பிரிவு என்றும் தெரியும், பழைய எண், புதிய எண் இரண்டும். மேனேஜருக்குத் தெரிந்தது டார்கெட் மட்டும். இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடு என்கிறார். கூப்பிடுகிறார்.

ஆட்டோக்காரரின் மனைவி புகார் கொடுக்கிறார். அதிசயமாக அன்றைக்கு சிஎஸ்ஆர் இல்லை, எஃப்ஐஆரே போடுகிறார்கள். கம்பெனியின் பெயர் அதில் இல்லை. சதர்லேண்டின் பதிப்பாளரே உட்கார்ந்து எழுதியிருப்பார் போலும். கூப்பிட்ட பையனின் பெயர் இருக்கிறது. இரண்டு போலீஸ்காரர்கள் அவனை நடுவில் உட்காரவைத்து பைக்கில் கூட்டி வருகிறார்கள். ஆறு செமஸ்டர் கனவு கண்ட வாசல். ரைட்டருக்கு முகம் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்த தம்பி. இரவு முழுக்க பெஞ்சில் உட்காரவைக்கிறார்கள். விடியற்காலையில் அவனுக்கு அடிவயிறு முட்டுகிறது. கழிவறைக் கதவு எதிரிலேயே திறந்து கிடக்கிறது. வாசலில் நிற்கும் காவலர் நல்ல மனுஷன், 'போயிட்டு வாப்பா' என்கிறார்.

பையன் தலையை ஆட்டுகிறான். வேண்டாங்கய்யா, அடக்கிக்கிறேன்.